மதினிக்கு எதிராக ஒரு இன்சூரன்ஸ்

லாரிக்கு இன்சூரன்ஸ் உண்டு, கடைக்கு உண்டு, பசுமாட்டுக்குக்கூடக் காதில் ஒரு வில்லையைக் குத்திவிட்டு இன்சூரன்ஸ் போடுவார்கள். அதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் தினமும் என்னோடு கத்தரிக்காய் வாங்க வருகிற ஒரு மனுஷி எங்கே கோர்ட்டுக்குப் போய்விடுவாளோ என்று பயந்து, அவளுக்கு எதிராக ஒரு இன்சூரன்ஸ் போடலாம் என்பது இந்த வயசில்தான் தெரிந்தது. அதைத் தெரிந்துகொண்டு நான் பட்ட பாட்டை இப்போது நினைத்தால் சிரிப்பாக வருகிறது. அப்போது சோறு இறங்கவில்லை.

எனக்கு எழுத்துத் தெரியாது. பஸ்ஸில் போர்டைப் பார்த்து ஏற மாட்டேன், கண்டக்டரைக் கேட்டுத்தான் ஏறுவேன். நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். நான் பேசுகிறபடியே எழுதினால் தலையும் தெரியாது காலும் தெரியாது என்று அவளே ஒழுங்குபடுத்திக்கொள்கிறாள். எழுதட்டும். ஆனால் யார் என்ன பேசினார்களோ அதில் மட்டும் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

மகள் ஓர் ஆஸ்பத்திரியில் சீட்டுப் போடுகிற இடத்தில் வேலை பார்க்கிறாள். மருமகன் லாரி ஓட்டுகிறார், பாதி நாள் வடக்கே இருப்பார். திண்டுக்கல் டவுனுக்குள் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். வத்தலக்குண்டு ரோட்டுப் பக்கம் ஒரு தம்பி பிளாட் போட்டு வீடு கட்டிக் கொடுத்தார். அதில் ஒரு வீடு மகளுக்கு. சுவர் எழும்பி, தளம் போட்டு, வெள்ளையும் அடித்தாகிவிட்டது. மகள் பச்சைக் கலரில் ஜன்னல் கேட்டாள், அதுவும் ஆயிற்று. இல்லாதது இரண்டுதான்: குழாயில் தண்ணீர், கம்பியில் கரண்டு. இங்கே வாடகை வீட்டுக்காரர் தன் மகனுக்குக் கல்யாணம் வைத்துவிட்டார். மாடியும் கீழும் அவர்களுக்கே வேண்டும், காலி செய்யுங்கள் என்று முறையாகச் சொல்லிவிட்டார். நல்ல மனுஷன், அவர் மேல் குற்றமில்லை. எங்கள் பாடுதான் திண்டாட்டம். புது வீட்டுக்குப் போனால் தண்ணீர் இல்லை, பழைய வீட்டில் இருந்தால் மரியாதை இல்லை.

மெயின் ரோட்டிலிருந்து பிளாட்டுக்குத் தண்ணீர்க் குழாயும் கரண்டு கேபிளும் பூமிக்கடியில் வர வேண்டும். வருகிற வழியில் ஒரு பழைய வண்டிப்பாதை. கருவேல முள் மண்டி, ஆடு மட்டும் நுழைகிற பாதை. அந்த மண் பிளாட் போட்ட தம்பிக்குச் சொந்தம்தான். ஆனால் பழைய பத்திரத்தில், பின்னால் இருக்கிற தென்னந்தோப்புக்காரர்கள் அதில் போக வரப் பாத்தியம் உண்டு, அவர்கள் சம்மதம் இல்லாமல் அதைத் தோண்டவோ மறிக்கவோ கூடாது என்று ஒரு வரி இருந்ததாம். தோப்புக்காரர்கள் இப்போது வேறு ரோடு வழியாகப் போய் வருகிறார்கள். அந்தப் பாதையை யாரும் மிதித்தே வருஷக்கணக்காகிறது. ஆனாலும் வரி வரிதானாம். அழியாதாம்.

அதற்காகத் தம்பி ஒரு இன்சூரன்ஸுக்கு ஏற்பாடு செய்தார். அவர்கள் இடம் பார்க்க வந்த அன்றைக்கு மகளுக்கு டூட்டி. வீட்டு ஆள் ஒருவர் இருக்க வேண்டும் என்று தம்பி கூப்பிட்டதால் நான் பிளாட்டுக்குப் போனேன். மதுரையிலிருந்து இன்சூரன்ஸ் கம்பெனிப் பெண் ஒருத்தி வந்திருந்தாள். நல்ல பிள்ளை. பாதையைப் பார்க்கிறேன் என்று உள்ளே நடந்து செருப்பில் முள் குத்தி ஒற்றைக் காலில் நின்றாள். நான்தான் முள்ளைப் பிடுங்கிவிட்டேன். பிறகு மூன்று பேரும் மகள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்தோம். பின்னாளில் தோப்புக்காரர்கள் கேஸ் போட்டால், வக்கீல் செலவும் நஷ்டஈடும் குழாயை மாற்றிப் போடுகிற செலவும் கம்பெனி ஏற்றுக்கொள்ளும், அந்தக் காகிதம் இருந்தால் வீட்டுக்குக் கடன் கொடுக்கிற பேங்க்கும் வாய் திறக்காது என்று அவள் எனக்கு விளக்கினாள்.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை.

"ஏந் தம்பி, இதுக்கு ஏன் இம்புட்டு மெனக்கெடுறீக. தோப்புக்காரவுகள ஒரு எட்டுப் பாத்து, இப்படிக் குழாய் போடுறோம்னு ஒரு வார்த்தை கேட்டாப் போச்சுல்ல."

தம்பி தலையில் கை வைத்துக்கொண்டார். "பெரியம்மா, கேட்டா அவுகளுக்கு ஞாபகம் வந்துரும். ஓகோ, நமக்கு அங்க பாத்தியம் இருக்கான்னு புடிச்சுக்கிருவாக. அப்புறம் உங்க மக வீட்டுக்கு எந்த வழியாத் தண்ணி வரும்?"

அந்தப் பெண்ணும் நிமிர்ந்தாள். "பாட்டி, முக்கியமான கண்டிஷனே அதுதான். தோப்புக்காரங்ககிட்ட இதைப் பத்தி யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசிட்டா கம்பெனி பாலிசி தராது."

"பேசுனாத் தர மாட்டாகளா? நல்லாருக்கே."

"அவங்களுக்குத் தெரியாம இருக்கிற வரைக்கும்தான் பாட்டி, கேஸ் வரலாம், வராமலும் போகலாம்னு கணக்கு. நாமளே போய்ச் சொல்லிட்டா அப்புறம் என்ன கணக்கு இருக்கு?"

அதுவும் சரிதான் என்று தலையாட்டினேன். ஊர்ப் பேச்சு எதையும் வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாதவள் நான். ஆனால் முன்பின் பார்க்காத தோப்புக்காரரிடம் நான் ஏன் பேசப் போகிறேன்? அப்படி நினைத்துக்கொண்டே, "தோப்பு யாருது?" என்று கேட்டேன். தம்பி பைலைப் பார்த்து டவுனில் இருக்கிற ஒரு ராவுத்தர் வீட்டுப் பெயரைச் சொன்னார்.

நான் படியிலிருந்து எழுந்துவிட்டேன்.

"தம்பி, அது எங்க மதினி வீடு."

அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டாள். தம்பியின் முகம் சுண்டிவிட்டது. அவள் மெதுவாகக் கேட்டாள்: "பாட்டி, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இந்தப் பாதையப் பத்தி அவங்ககிட்ட எப்பவாச்சும் பேசியிருக்கீங்களா?"

"இல்ல தாயி. இப்பத்தான எனக்கே தெரியுது."

"அப்ப இனியும் பேசாதீங்க. பாலிசி வர்ற வரைக்கும். வந்த பிறகும்."

மதினி என்றால் சொந்தமில்லை. எங்கள் வாடகை வீட்டுக்கு அடுத்த சந்தில் குடியிருக்கிற ராவுத்தர் வீட்டம்மா. அவர் வீட்டுக்காரர் தோல் மண்டி வைத்திருந்தவர், தவறிவிட்டார். மகன் சவூதியில். நாங்கள் குடிவந்த புதிதில் ஒருநாள் ரேஷன் கடை வரிசையில் இடம் பிடிப்பதில் எனக்கும் அவருக்கும் சண்டை. "யாருடி நீ" என்று நான் கேட்க, "உன் அண்ணன் பொண்டாட்டின்னு வச்சுக்க" என்று அவர் சொல்ல, வரிசையே சிரித்தது. அன்றிலிருந்து மதினி. நானும் அவருக்கு மதினிதான். அவர் விடியற்காலை சுபுஹு தொழுகை முடித்துத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு வருவார், இரண்டு பேரும் உழவர் சந்தைக்கு நடப்போம். வெயில் மழை பார்ப்பதில்லை. மகள் வீடு வத்தலக்குண்டு ரோட்டில் எழும்புகிறது என்று அவருக்குத் தெரியும். அவருக்கு ஒரு தோப்பு இருக்கிறது, குத்தகைக்கு விட்டிருக்கிறார் என்று எனக்கும் தெரியும். அந்தத் தோப்பும் இந்த வீடும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கின்றன என்பதுதான் இருவருக்கும் தெரியாமல் இருந்தது. இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் மகளிடம் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. என் எதிரில் வந்து உட்கார்ந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, நம்ம வீட்டுத் தண்ணி இப்ப உன் வாயில இருக்கு. தயவுசெஞ்சு திறந்துறாத."

மறுநாள் சந்தைக்குப் போகாமல் படுத்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். மதினி வாசலில் வந்து நின்று கூப்பிட்டுவிட்டார். போனேன். வழியெல்லாம் அவரே பேசினார், நான் ம் கொட்டினேன். சந்தைக்குள் கன்னிவாடிப் பக்கத்து ஆள் ஒருவர் நல்ல கத்தரிக்காய் கொண்டுவருவார். முள் கத்தரி, காம்பு பச்சையாக நிற்கும். வழக்கமாக நான் அவரிடம் செத்த நேரம் வம்பளந்துவிட்டுத்தான் காய் பொறுக்குவேன். அன்றைக்கு வாய் திறக்காமல் பொறுக்கினேன். அந்த ஆளே பயந்துபோய், "ஆத்தாவுக்கு உடம்பு முடியலையா" என்று மதினியைக் கேட்டார்.

"என்ன மதினி, பல்லு வலியா?" என்றார் மதினி.

"ஆமா, கடவாய்ப் பல்லு."

"உங்களுக்கு ஏது அந்தப் பக்கம் பல்லு?"

அன்றிலிருந்து எனக்குப் பல் வலி. தினமும் காலையில் அந்தப் பல் வலியோடு கிளம்புவேன். பேசுகிறவளுக்குப் பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று பேசாத ஆட்களுக்குத் தெரியாது. வெண்டைக்காயைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அது வயலுக்குப் போகும், வயலிலிருந்து தோப்புக்குப் போகும். அதனால் வெண்டைக்காயையும் விட்டேன். மழையைப் பற்றிப் பேசினால் தண்ணீர் வரும், தண்ணீர் வந்தால் குழாய் வரும். மழையையும் விட்டேன்.

ஒருநாள் அவரே அதைத் தொட்டுவிட்டார். சந்தையில் கீரைக் கட்டை உதறிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார்: "ஆமா மதினி, உங்க மக வீடு எந்தப் பக்கமாக் கட்டுறாக? எங்க தோப்புக்கு முன்னால பிளாட்டு போட்டுருக்காகளாம்ல. குத்தகைக்காரன் சொன்னான்."

இல்லை என்று பொய் சொன்னால் நாளைக்குப் பால் காய்ச்ச வரும்போது பார்த்துவிடுவார். ஆமாம் என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும். நான் கையிலிருந்த பீன்ஸை ஒடித்துப் பார்த்து, "முத்தலா இருக்கு மதினி, வேணாம்" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனத்துக்கு என்ன வாங்கலாம் என்று பேச்சை மாற்றினார். திரும்பி வரும் வழியில் அவரும் பேசவில்லை. துப்பட்டி காற்றில் படபடக்கிற சத்தம்தான் கேட்டது.

வீட்டுக்கு வந்து மகளிடம், "என்னால முடியாதும்மா" என்றேன். "இன்னும் கொஞ்ச நாள்தான்மா. காகிதம் இந்த வாரம் வந்துருமாம்" என்றாள். அன்றைக்கு வாடகை வீட்டுக்காரர் பெயிண்டரைக் கூட்டிவந்து எங்கள் அறைகளை அளந்துவிட்டுப் போனார். என் கட்டிலுக்குப் பின்னால்கூட டேப்பை நீட்டினார்கள். நான் கட்டிலில்தான் உட்கார்ந்திருந்தேன்.

காகிதம் மத்தியானத்துக்குள் கம்ப்யூட்டரில் வந்துவிடும் என்று தெரிந்த அன்று, தம்பிக்கு அவசரம். காலையிலேயே பாதையில் குழி தோண்ட ஏற்பாடு செய்துவிட்டார். மகள் லீவு போட்டாள். இரண்டு பேரும் போனோம். சேவுகம்பட்டிப் பக்கத்து மேஸ்திரி ஒருவர் ஆட்களோடு வந்திருந்தார். முள்ளை வெட்டித் தள்ளி, சுண்ணாம்பால் கோடு போட்டு, கோட்டின் தலைமாட்டில் ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசி, சூடம் தேங்காய் எல்லாம் தயார். கடப்பாரைக்கும் பொட்டு வைத்தாயிற்று. ஆனால் சூடம் கொளுத்தவில்லை. மேஸ்திரி கடப்பாரையைத் தோளில் சாத்திக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்பி மணிக்கட்டைப் பார்த்தார். "என்ன மேஸ்திரி, போட வேண்டியதுதான?"

"இருங்க சார், வரட்டும்."

"யாரு வரணும்?"

"எல்லைக்காரவுக. பக்கத்துக் காட்டுக்காரவுகள நிப்பாட்டாம எல்லையில எப்படி சார் கடப்பாரை போடுறது? திருட்டுத்தனமாத் தோண்டுன மாதிரி ஆயிராதா?"

"எந்தக் காட்டுக்காரவுக?"

"தோப்புக்காரம்மாதான். அவுக தோப்புக்குக் காம்பவுண்டு எழுப்புனது நாந்தான். நம்பர் இருந்துச்சு. நேத்தே போன் போட்டுச் சொல்லிட்டேன்."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் பக்கமெல்லாம் அப்படித்தான். வேலிக்கால் நடுவதானாலும் வரப்பை வெட்டுவதானாலும் பக்கத்து நிலத்துக்காரரைக் கூப்பிட்டு நிறுத்துவார்கள். அவர் ஒன்றும் செய்ய வேண்டாம், வந்து நின்றால் போதும். அவர் கண் முன்னால் நடந்தது என்றால் நாளைக்குப் பேச்சில்லை. அந்த வழக்கத்தை மேஸ்திரி காப்பாற்றிவிட்டார். தம்பி வாயைத் திறந்தபடி நின்றார். என் மகள் அப்படியே கல்லுக் குவியலில் உட்கார்ந்துவிட்டாள். ரோட்டில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. முதலில் கறுப்புக் குடை இறங்கியது, பிறகு துப்பட்டி.

மதினி முள்ளை ஒதுக்கி ஒதுக்கி நடந்து வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார்.

தம்பி என் பக்கம் திரும்பினார். கோபத்தில் அவருக்கு என்ன பேசுகிறோம் என்றே தெரியவில்லை. "போச்சு. மத்தியானம் வர வேண்டிய இன்சூரன்ஸு, காலையிலயே போச்சு. பெரியம்மா, நீங்களும் சொல்லி வச்சிருந்தீகளா?"

"நான் சொல்லல தம்பி."

"என்ன இன்சூரன்ஸு?" என்றார் மதினி.

அவர் என்னையே பார்த்தார். இத்தனை நாள் மூடி வைத்த வாய், இனி மூடி என்ன பிரயோசனம்? சொல்லிவிட்டேன். பாதையில் அவருக்குப் பாத்தியம் இருப்பதையும், அவர் கேஸ் போட்டால் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்பதையும், அவரிடம் பேசினால் காகிதம் கிடைக்காது என்பதையும், எல்லாவற்றையும்.

மதினி குடையை மடக்கினார்.

"வண்டி மோதுனா இன்சூரன்ஸு. தீப்புடிச்சா இன்சூரன்ஸு. இப்ப நானும் அந்த வரிசைலயா மதினி?"

"அப்படி இல்ல மதினி."

"எப்படி? அம்புட்டு நாளும் பல்லு வலின்னு சொன்னது இதுக்குத்தானா? நான் உங்களுக்குக் கிராம்புத் தைலமெல்லாம் குடுத்து விட்டேனே."

"அதத் தடவவும் செஞ்சேன் மதினி."

என் மகள் அழுகிற முகத்தோடு சிரித்துவிட்டாள். மதினி சிரிக்கவில்லை. மேஸ்திரி பக்கம் திரும்பி, "கடப்பாரைய எடுத்துட்டுப் போப்பா" என்றார். அவ்வளவுதான். மேஸ்திரி தேங்காயைப் பையில் போட்டார், கடப்பாரையைத் தோளில் வைத்தார், ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். தம்பி கூப்பிடக் கூப்பிட அவர் திரும்பவே இல்லை.

மத்தியானம் இன்சூரன்ஸ் பெண் போன் செய்தாள். அவளுக்கு நிஜமாகவே வருத்தம். தோப்புக்காரருக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று தம்பி மறைக்காமல் சொல்லிவிட்டார், அதனால் பாலிசி இல்லை என்றாள். இனி மதினியே எழுத்தில் சம்மதம் தந்தால்தான் குழாய். அவர் தராவிட்டால் இல்லை.

மறுநாள் காலையில் மதினி வர மாட்டார் என்று நினைத்துக் கட்டிலிலேயே கிடந்தேன். வந்துவிட்டார். வழக்கம்போல வாசலில் நின்று கூப்பிட்டார். எனக்குச் சந்தோஷத்தில் செருப்பு மாறிப்போனது. வழியில் நான் மெல்ல ஆரம்பித்தேன்: "மதினி, நேத்து அந்தப் பாதையில."

"எந்தப் பாதை?"

"குழாய் போடுற பாதை."

"எனக்கு ஒண்ணும் தெரியாதே மதினி. எங்கிட்டப் பேசக் கூடாதுல்ல. பேசுனா உங்க காகிதம் போயிருமாம்ல."

அத்தோடு முருங்கைக்காயைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அதற்கடுத்த நாளும் அப்படியே. வாரம் முழுவதும் அப்படியே. ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் பேசுவார். நான் வாயைத் திறந்தால் மட்டும், "பல்லு தேவலையா மதினி" என்பார். நான் அவரைத் தவிக்கவிட்டது போலவே என்னைத் தவிக்கவிட்டார். எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. ஒருநாள் கத்தரிக்காய்க்காரர் முன்னாலேயே, "ரொம்பத்தான் பண்றீக" என்று கத்திவிட்டேன். அவர் நிதானமாக ஒரு சொத்தைக் கத்தரியை எடுத்து என் பையில் போட்டார்.

வீட்டில் பெயிண்ட் வாசனை வர ஆரம்பித்துவிட்டது. மாடியில் அடித்துக்கொண்டிருந்தார்கள், அடுத்தது எங்கள் அறை. மகள் ராப்பகலாக வேறு வாடகை வீடு தேடினாள். புது வீட்டைக் கட்டி வைத்துக்கொண்டு வாடகைக்கு வீடு தேடுகிற கொடுமை யாருக்கும் வரக் கூடாது. ஒருநாள் வேலையிலிருந்து வந்தவள் முகம் கழுவக்கூடப் போகாமல், "அம்மா, தம்பி கேக்க வேணாம், வக்கீல் கேக்க வேணாம். நம்மளே போயி முறையாக் கேப்போம்" என்றாள்.

தட்டில் வெற்றிலை பாக்கு, தேங்காய், ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்து எடுத்துக்கொண்டு, சாயங்காலம் அசர் தொழுகை முடிகிற நேரம் பார்த்து இரண்டு பேரும் போனோம். மதினி கூடத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். தட்டைப் பார்த்தார், முறத்தை வைக்கவில்லை.

"கல்யாணமா?"

"எல்லைக்காரவுகள அழைக்க வந்துருக்கோம்" என்றேன். "பாதையில கடப்பாரை போடணும். நீங்க வந்து நிக்கணும்."

"இதத்தான மேஸ்திரி போன்ல சொன்னான். நானும் வந்தேன்ல."

"அவரு அழைச்சாரு. நாங்க அழைக்கல."

முறம் கொஞ்ச நேரம் ஓடியது, தவிடு பறந்தது. பிறகு அவர் என் மகளைப் பார்த்துப் பேசினார், என்னைப் பார்க்கவில்லை.

"என் மவன் போன்ல சொல்றான்மா, விட்டுறாதம்மா, பிடிமானம் நம்ம கையில இருக்கு, நல்லாக் கேட்டு வாங்குன்னு. அவன் சொல்றதுலயும் தப்பில்ல. முதல்லயே நீங்க வந்து கேட்டிருந்தா நான் சரின்னு சொல்லிருப்பேனான்னு எனக்கே தெரியல. பொய் சொல்லக் கூடாது பாருங்க."

"இப்ப என்ன பெரியம்மா சொல்றீங்க?" என்றாள் மகள்.

"யோசிக்கணும்."

தட்டை அவர் கையில் வாங்கவில்லை. போ என்றும் சொல்லவில்லை. நான் தட்டை அவர் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டு எழுந்தேன். திருப்பி எடுத்துப் போகச் சொல்வார் என்று வாசல்வரை காதை வைத்துக்கொண்டே நடந்தேன். முறத்தின் சத்தம் மட்டும் வந்தது. அன்று மகள் சாப்பிடவில்லை. நானும் சாப்பிட்டேன் என்று பேர் பண்ணினேன்.

மறுநாள் காலையில் அவர் வாசலில் கூப்பிட்டபோது குரல் ஒரு மாதிரியாக இருந்தது. வெளியே வந்து பார்த்தேன். மதினியின் வாய் சிவந்திருந்தது. எங்கள் வெற்றிலையைப் போட்டிருந்தார். அவ்வளவு காலையில் வெற்றிலை போடுகிற பழக்கம் அவருக்கு இல்லை. எனக்குக் காட்டத்தான் போட்டு வந்திருக்கிறார். நான் உள்ளே ஓடி மகளை எழுப்பி, "செவப்பா இருக்குடி" என்றேன். அவள் எதற்கென்றே தெரியாமல் பயந்துபோனாள்.

சந்தை வாசலில் சாற்றைத் துப்பிவிட்டு மதினி தன் கணக்கைச் சொன்னார். "தண்ணியும் கரண்டும் மண்ணுக்குக் கீழ போகட்டும். மேல பாதை என் பாதைதான். முள்ளு வெட்டிச் சுத்தமா இருக்கணும். என் பேரன் ஒருநாள் டிராக்டர் ஓட்டிட்டு வந்தாலும் வழி விடணும். முதல்ல தோண்டுங்க. எந்த வழியாப் போகுதுன்னு கண்ணால பாத்துட்டுத்தான் கையெழுத்து."

தம்பி முதலில் கையெழுத்து, அப்புறம்தான் தோண்டுவேன் என்று குதித்தார். தோண்டி முடித்த பிறகு அந்தம்மா மாட்டேன் என்றால் என்ன செய்வது என்று கேட்டார். நியாயமான பயம்தான். எனக்கும் இருந்தது. ஆனால் வேறு வழி இல்லை.

மேஸ்திரி மறுபடி வந்தார், மறுபடி கல், மறுபடி மஞ்சள். மதினி குடையைப் பிடித்துக்கொண்டு சுண்ணாம்புக் கோட்டின் நடுவில் வந்து நின்றார். சூடம் ஏற்றினோம், முதல் கடப்பாரை விழுந்தது. நான் பக்கத்தில் போய் நின்றேன். அப்போது அவர் பேச ஆரம்பித்தார். இத்தனை நாள் இரண்டு பேருக்கும் நடுவில் தேங்கிக் கிடந்த பேச்சு இருக்கிறதே, அது மடை திறந்துவிட்டது. அவர் வீட்டுக்காரர் அந்தப் பாதையில் மாட்டு வண்டியில் தன்னைத் தோப்புக்குக் கூட்டிப் போனது, வண்டி குடை சாய்ந்து புதுச் சேலை சேறானது, மாமியார் கேட்டபோது மழை பெய்தது என்று புளுகியது. நான் என் பங்குக்கு என் மாமியாரை இழுத்தேன். குழி எங்களை நோக்கி வந்துகொண்டே இருந்தது.

"அம்மா, கொஞ்சம் தள்ளி" என்று தம்பி ஆரம்பித்தார்.

மேஸ்திரி அவர் கையைப் பிடித்து இழுத்தார். "என்ன சார் நீங்க. வந்து நிக்கிற எல்லைக்காரவுகளப் போயி நகரச் சொல்வீகளா?"

தம்பிக்கும் பயம், எங்கே நகரச் சொன்னால் ஆட்டோ ஏறிவிடுவாரோ என்று. பேசாமல் இருந்துவிட்டார். நான் கண்ணைக் காட்டினேன். மதினி மாமியார் கதையின் நடுவில் இருந்தார், கவனிக்கவில்லை. மேஸ்திரி எங்கள் இருவரையும் சுற்றி ஒரு அரை வட்டம் போட்டு, அந்தப் பக்கம் போய்க் கோட்டைப் பிடித்தார். கதை முடிந்து மதினி குனிந்து பார்த்தபோது மூன்று பக்கமும் பள்ளம், நாலாவது பக்கம் வெட்டிப் போட்ட முள். இரண்டு ஆட்கள் கை கொடுத்துத்தான் எங்களைத் தாண்டவைத்தார்கள்.

குழாய் இறக்கினார்கள், கேபிள் இறக்கினார்கள், சர்வேயர் வந்து டேப் பிடித்து அளந்து வரைபடம் போட்டார். பத்திர ஆபீஸில் அந்த வரைபடத்தைச் சம்மதப் பத்திரத்தோடு சேர்த்து வைத்தார்கள். எழுத்துக்காரர் படித்துக் காட்டினார். மதினி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தையே பார்த்தார். பேனா கையில் இருக்கிறது, எழுதவில்லை. என் மகள் என் முந்தானையைப் பிடித்திருந்தாள், சின்னப் பிள்ளையில் பிடிப்பாளே அப்படி. தம்பிக்கு ஃபேனுக்குக் கீழேயும் வேர்த்தது.

"இது என்ன, இந்த இடத்துல மட்டும் கோடு வயிறு தள்ளுன மாதிரி வளைஞ்சிருக்கு?" என்றார் மதினி.

பக்கத்தில் இருந்த சர்வேயரும், "நானும் கேக்கணும்னு இருந்தேன் சார். அங்க பாறையா, மரமா? ஒண்ணையும் காணோமே" என்றார்.

தம்பி தொண்டையைச் செருமினார். "அங்க இவங்க ரெண்டு பேரும் நின்னாங்க."

சர்வேயர் சிரிக்கவா வேண்டாமா என்று தெரியாமல் எங்களைப் பார்த்தார். மதினி துப்பட்டியால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. குலுங்கிக்கொண்டே கையெழுத்துப் போட்டதில் கடைசி எழுத்து கோணலாகிவிட்டது. செல்லுமா என்று தம்பி பதறிப்போய்க் கேட்டார். செல்லும் என்றார் எழுத்துக்காரர்.